சிட்காம் எபிசோடுக்கு விக்கிப்பீடியா கட்டுரை: திருத்துவது எப்படி, ரிவ்யூ செய்வது எப்படி

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு சிட்காம் (நகைச்சுவைத் தொடர்) எபிசோடின் கட்டுரையைத் திறந்து பாருங்கள். நன்றாகத் தேறிய சிலவற்றை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: முக்கால்வாசி கதைச் சுருக்கம், அதற்குக் கீழே துண்டு துணுக்காகச் சில தகவல்கள், கடைசியில் 'விமர்சகர்கள் பாராட்டினார்கள்' என்று ஒற்றை வரி. ரசிகர் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ரசிகர்கள் எழுதுவதில் தப்பே இல்லை, அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைகளே இருந்திருக்காது. ஆனால் கதை தெரிய வேண்டும் என்றால் ஆள் எபிசோடையே போட்டுப் பார்த்துக்கொள்வார். அது எப்படி எழுதப்பட்டது, சேனல்காரர்கள் என்ன தகராறு செய்தார்கள், வந்த அன்று எத்தனை வீட்டில் பார்த்தார்கள், இத்தனை வருடம் கழித்தும் ஏன் பேசுகிறார்கள், இதெல்லாம் எபிசோடைப் பார்த்தால் கிடைக்காது. கட்டுரை இருப்பதே அதற்காகத்தான். திருத்த உட்காரும்போதும் சரி, இன்னொருவர் எழுதியதை ரிவ்யூ செய்யும்போதும் சரி, இது மனதில் இருந்தால் பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

ஒரே ஒரு எபிசோடை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே வைத்துப் பேசலாம். என்பிசி சேனலில் 1989 முதல் 1998 வரை ஒன்பது சீசன், 180 எபிசோடு ஓடிய 'சைன்ஃபெல்ட்' தொடரின் இரண்டாம் சீசனில் 'தி சைனீஸ் ரெஸ்டாரண்ட்' என்று ஒன்று வரும். 1991 மே 23 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர்கள் லாரி டேவிடும் ஜெர்ரி சைன்ஃபெல்டும், இயக்கியவர் டாம் செரோன்ஸ். கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள்: மூன்று பேர் ஒரு ரெஸ்டாரண்டில் மேசைக்காகக் காத்திருக்கிறார்கள், மேசை கிடைக்கவில்லை, கிளம்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான். காட்சி அந்த வரவேற்பு இடத்தைவிட்டு நகராது, நேரமும் தாவாது. இப்படிப்பட்ட எபிசோடுக்கும் ஆயிரம் சொல்லில் கதைச் சுருக்கம் எழுத ஆள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். கீழே நான் காட்டும் மாதிரி வரிகள் நானே எழுதியவை. அந்தக் கட்டுரையில் இப்போது இருப்பவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், தனிக் கட்டுரை தேவையா?

ஒரு தொடர் பிரபலம் என்பதால் அதன் ஒவ்வொரு எபிசோடும் தனிக் கட்டுரைக்குத் தகுதி பெற்றுவிடாது. தொடருக்குச் சம்பந்தமில்லாத நம்பகமான இடங்களில் அந்த எபிசோடைப் பற்றியே ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும். டிவி நிகழ்ச்சி அட்டவணையில் வந்த இரண்டு வரி அறிமுகம் கணக்கில் வராது. உங்களுக்குக் கிடைப்பது ஒளிபரப்பான தேதியும் பார்வையாளர் எண்ணிக்கையும் மட்டும்தான் என்றால், சீசன் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டு, எபிசோடின் பெயரைத் தேடி வருகிறவர் அந்தப் பட்டியலுக்கே போகும்படி வழிமாற்று செய்துவிடுங்கள். இதைச் சொன்னால் ரசிகர்களுக்குக் கோபம் வரும், வந்திருக்கிறது. 2007, 2008இல் எபிசோடு கட்டுரைகளைக் கூண்டோடு வழிமாற்றியவர்களுக்கும் காப்பாற்ற நின்றவர்களுக்கும் நடந்த சண்டை ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு வரைக்கும், அதுவும் இரண்டு தடவை, போனது. அதனால் இன்னொருவர் எழுதிய கட்டுரையை வழிமாற்றுகிறீர்கள் என்றால் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கை வைப்பதற்கு முன்னால் பேச்சுப் பக்கத்தையும், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றையும் ஒரு பார்வை பாருங்கள். நீங்கள் சேர்க்க நினைக்கிற விஷயத்தையே யாரோ ஒருவர் முன்பே சேர்த்து, இன்னொருவர் காரணம் சொல்லி நீக்கியிருக்கலாம். பெரிய மாற்றம் என்றால் மணல்தொட்டியில் (ஒத்திகைப் பக்கத்தில்) எழுதிப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். சின்ன மாற்றம் என்றால் நேராகச் செய்யலாம், தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதிவிடுங்கள். யாராவது உங்கள் மாற்றத்தை ரிவர்ட் செய்தால் (பழையபடி ஆக்கினால்) நீங்களும் பதிலுக்கு ரிவர்ட் செய்யாதீர்கள், பேச்சுப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் ரிவர்ட் செய்தால் தடை விழும், மூன்று வரைக்கும் உரிமை இருக்கிறது என்றும் அதற்கு அர்த்தமில்லை.

கதைச் சுருக்கம்

தொலைக்காட்சிக் கட்டுரைகளுக்கான நடைக் கையேடு தனி எபிசோடு கட்டுரையின் கதைச் சுருக்கத்துக்கு 400 சொல்தான் உச்ச வரம்பு என்கிறது. சீசன் பட்டியலில் வரும் சுருக்கம் என்றால் 200. அரை மணி நேர சிட்காமுக்கு 400 சொல் தாராளம், நம் எபிசோடுக்கு 250 போதும் என்பது என் எண்ணம். ரசிகர் எழுதும் சுருக்கம் எப்படி இருக்கும் என்றால்:

'ஜெர்ரி, ஜார்ஜ், எலைன் மூவரும் உற்சாகமாக ரெஸ்டாரண்டுக்குள் நுழைகிறார்கள். வரவேற்பாளர் புரூஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஐந்து பத்து நிமிஷம் ஆகும் என்கிறார். எலைன் நம்ப முடியாமல் முகத்தைச் சுளிக்கிறாள். பாவம் ஜார்ஜ், தன் காதலி டாட்டியானாவிடம் அவசரமாகப் பேச வேண்டும், ஆனால் பொதுத் தொலைபேசியில் ஒரு சுயநலக்காரர் பேசிக்கொண்டே இருக்கிறார். நகைச்சுவையின் உச்சமாக, டாட்டியானா திருப்பி அழைக்கும்போது புரூஸ் கார்ட்ரைட், கார்ட்ரைட் என்று கத்துகிறார்! ஜார்ஜின் முழுப்பெயர் ஜார்ஜ் காஸ்டான்ஸா என்பது நமக்குத் தெரியும்.'

இதையே திருத்தினால்:

'சினிமாவுக்குப் போகும் வழியில் ஜெர்ரி, ஜார்ஜ், எலைன் மூவரும் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்டில் மேசைக்காகக் காத்திருக்கிறார்கள். ஜார்ஜ் தன் காதலி டாட்டியானாவுக்குப் போன் செய்ய முயல்கிறான், ஆனால் பொதுத் தொலைபேசியை வேறு ஒருவர் விடாமல் பயன்படுத்துகிறார். டாட்டியானா திருப்பி அழைக்கும்போது வரவேற்பாளர் காஸ்டான்ஸா என்பதற்குப் பதில் கார்ட்ரைட் என்று கூப்பிட, ஜார்ஜ் அந்த அழைப்பைத் தவறவிடுகிறான்.'

எது போனது என்று பாருங்கள். முகத்தைச் சுளித்தது, நிமிர்ந்து பார்க்காதது எல்லாம் நடிப்பு. கதை தெரிந்துகொள்ள அது தேவையில்லை. 'பாவம்', 'சுயநலக்காரர்', 'நகைச்சுவையின் உச்சம்' எல்லாம் எழுதியவரின் கருத்து. ஆச்சரியக்குறி கலைக்களஞ்சியத்தில் எங்குமே வேண்டாம். 'நமக்குத் தெரியும்' என்பதில் வரும் அந்த 'நாம்' யார்? தொடரைப் பார்க்காத ஒருவரும் இந்தப் பக்கத்தைத் திறப்பார், அவருக்கு டாட்டியானா யார் என்று நான்கு வார்த்தையில் சொன்னால் போதும், ஜார்ஜின் ஜாதகம் தேவையில்லை.

வசனங்களை அப்படியே எடுத்துப் போடுவதும் இந்தப் பகுதியை ஊதிப் பெரிதாக்கும். கதை திரும்புகிற இடத்தில் இருக்கும் வசனம் என்றால் ஒன்று வைக்கலாம். 'மறக்க முடியாத வசனங்கள்' என்று தனிப் பகுதி இருந்தால் யோசிக்காமல் நீக்குங்கள், அதற்கு விக்கிமேற்கோள் என்று தனித் திட்டமே இருக்கிறது.

அப்புறம் முடிவை மறைக்கக் கூடாது. 'மேசை கிடைத்ததா என்பதுதான் மீதிக் கதை' என்று எழுதினால் அது டிவிடி அட்டையின் பின்பக்கம். மூவரும் வெறுத்துப்போய்க் கிளம்பிய உடனே புரூஸ் 'சைன்ஃபெல்ட், நான்கு பேர்' என்று கூப்பிடுகிறார், இதுதான் முடிவு, இதை எழுதியே ஆக வேண்டும். ஸ்பாய்லர் எச்சரிக்கையும் போடக் கூடாது. கதையை நிகழ்காலத்திலேயே சொல்லுங்கள். தொடர் முடிந்து எத்தனை வருடம் ஆனாலும் முதல் வரி 'இரண்டாம் சீசனின் பதினோராவது எபிசோடு ஆகும்' என்றுதான் வரும், 'எபிசோடாக இருந்தது' என்று வராது.

கதைச் சுருக்கத்துக்கு அடிக்குறிப்புகள் தேவையில்லை, எபிசோடே அதற்குச் சான்று. ஆனால் இந்தச் சலுகை திரையில் வெளிப்படையாகத் தெரிவதற்கு மட்டும்தான். ஜெர்ரி தன் மாமாவிடம் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்பது எபிசோடிலேயே இருக்கிறது, எழுதலாம். 'நகர வாழ்க்கையில் நேரம் நம் கையில் இல்லை என்பதை இந்த எபிசோடு காட்டுகிறது' என்று எழுதினால் அது விளக்கம். சொன்னது யார் என்று காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும்.

எப்படி எடுத்தார்கள்

கட்டுரையில் சரக்கு இருக்க வேண்டிய இடம் இதுதான், நேரத்தை இங்கே செலவிடுங்கள். நம் எபிசோடில் அள்ள அள்ள விஷயம் இருக்கிறது. கதையே இல்லையே என்று என்பிசி அதிகாரிகள் எதிர்த்தார்கள். லாரி டேவிட் மாற்ற மாட்டேன், வேண்டுமானால் போய்விடுகிறேன் என்று நின்றார். கடைசியில் சேனல் இறங்கிவந்தது, ஆனால் ஒளிபரப்பைத் தள்ளிப்போட்டது. மைக்கேல் ரிச்சர்ட்ஸ் நடிக்கும் கிரேமர் பாத்திரம் இதில் வரவே வராது. ஆரம்ப காலத்தில் கிரேமரைக் கட்டடத்தைவிட்டு வெளியே போகாத ஆளாக எழுதியதால் என்று காரணம் சொல்லப்படுகிறது.

இப்படிப்பட்ட பின்கதைகளில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் பல வருடம் கழித்துச் சொன்னவை இவை. பேட்டியில் ஒருவர் ஒரு மாதிரி சொல்வார், டிவிடியில் இன்னொருவர் வேறு மாதிரி சொல்வார், எல்லாருக்கும் தன் பங்கு கொஞ்சம் பெரிதாகத்தான் ஞாபகம் இருக்கும். அதனால் 'லாரி டேவிட் சேனலைப் பணிய வைத்தார்' என்று கட்டுரையின் குரலில் எழுதக் கூடாது. 'டேவிட் விலகப்போவதாகச் சொன்னார் என்று இன்னார் இன்ன இடத்தில் கூறினார்' என்று சொன்னவரின் பெயரோடு எழுதுங்கள். இரண்டு பேர் முரணாகச் சொல்லியிருந்தால் இரண்டையும் வைத்துவிடுங்கள், தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை.

சைன்ஃபெல்டின் முதல் இரண்டு சீசன்களும் 2004இல் டிவிடியாக வந்தன. அதில் தயாரிப்புக் குறும்படங்கள், பின்னணிக் குறிப்புகள், வர்ணனைத் தடம் எல்லாம் இருக்கின்றன. இவற்றைச் சான்றாகக் காட்டலாம், எந்த டிஸ்கில் எந்தக் குறும்படம், எத்தனையாவது நிமிடம் என்று குறித்துவிடுங்கள். 'டிவிடியில் சொல்கிறார்கள்' என்று மொட்டையாக விட்டால் ரிவ்யூ செய்கிறவர் மணிக்கணக்கில் தேட வேண்டும்.

பக்கத்தின் ஓரத்தில் வரும் தகவற்பெட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எழுத்து, இயக்கம், தேதி, தயாரிப்பு எண், கௌரவ நடிகர்கள். தயாரிப்பு எண்ணின் வரிசையும் ஒளிபரப்பு வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, சேனல்கள் எபிசோடுகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள், நம் எபிசோடு அப்படித் தள்ளிப்போனதுதான். அதனால் தயாரிப்பு எண்ணைப் பார்த்து 'இத்தனையாவது எபிசோடு' என்று போட்டுவிடாதீர்கள். புரூஸாக நடித்த ஜேம்ஸ் ஹாங்கின் பெயர் பெட்டியில் வரலாம். அவர் 'பிளேட் ரன்னர்' படத்தில் நடித்ததும் 'குங்ஃபூ பாண்டா'வில் பாண்டாவின் அப்பாவுக்குக் குரல் கொடுத்ததும் உண்மைதான், ஆனால் அது அவரைப் பற்றிய கட்டுரைக்குரிய செய்தி.

படம் ஒன்று சேர்க்கலாமே என்று தோன்றும். எபிசோடிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் காப்புரிமை உள்ளது; அழகுக்காக வைக்க அனுமதி இல்லை. அந்தப் படம் இல்லாமல் கட்டுரையில் சொல்லியிருப்பது புரியாது என்கிற அளவுக்குத் தேவை இருந்தால் மட்டும், சின்ன அளவில், நியாயப் பயன்பாட்டுக் காரணம் எழுதி வைக்கலாம். மூன்று பேர் நின்றுகொண்டிருக்கும் படம் எதையும் புரியவைக்காது. எழுதியவர், இயக்கியவர், நடித்தவரின் கட்டற்ற உரிமமுள்ள படம் விக்கிமீடியா பொதுவகத்தில் (படக் களஞ்சியத்தில்) இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

வரவேற்பு

'விமர்சகர்களும் ரசிகர்களும் ஒருமனதாகப் பாராட்டினார்கள்.' இந்த வரியை எத்தனை கட்டுரைகளில் பார்த்திருப்பீர்கள்! ஒருமனதாக என்று சொன்னது யார்? எல்லா விமர்சனத்தையும் படித்தவர் ஒருவர் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே அது நிற்கும். இரண்டு விமர்சனத்தைப் படித்துவிட்டு நாமே கூட்டிக் கழித்துச் சொல்வது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியாவில் இடமில்லை. யார், எங்கே, எப்போது, எதைப் பற்றிச் சொன்னார் என்று எழுதுங்கள். ஒருவர் வசனத்தைப் பாராட்டினார், இன்னொருவர் ஒரே இடத்தில் எடுத்த துணிச்சலைப் பாராட்டினார், மூன்றாமவருக்குப் பிடிக்கவே இல்லை என்று விஷயவாரியாகப் பிரித்தால் பத்தி தானாக உருவாகிவிடும். ஆளுக்கு ஒரு மேற்கோள் என்று எட்டு மேற்கோளைச் சங்கிலியாகப் போட்டால் படிக்கிறவருக்கு எதுவும் நிற்காது.

அன்றைக்கு வந்த விமர்சனத்தையும் பின்னாளில் வந்ததையும் கலக்காதீர்கள். 1991இல் இந்தத் தொடர் இன்னும் பெரிய ஹிட் ஆகவில்லை. பிற்பாடு 'எதைப் பற்றியும் இல்லாத தொடர்' என்று பெயர் வாங்கியபோதுதான் இந்த எபிசோடை அதற்கு முன்னோடி என்று திரும்பிப் பார்த்து எழுதினார்கள். பின்னாளில் வந்த புகழை எடுத்து 1991இல் வைத்தால் வரலாறே மாறிவிடும்.

விருது விஷயத்தில் ஒரு சின்ன நுணுக்கம். இதே தொடரின் 'தி கான்டெஸ்ட்' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள், 1992 நவம்பரில் வந்தது. 'எம்மி வென்ற எபிசோடு' என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். 1993இல் எம்மி வாங்கியவர் லாரி டேவிட், நகைச்சுவைத் தொடருக்கான எழுத்துப் பிரிவில், அந்த எபிசோடை எழுதியதற்காக. அப்படியே எழுதுங்கள், யார், எந்தப் பிரிவு, எந்த வருடம். பட்டியல்களும் இப்படித்தான். டிவி கைட் இதழ் 2009இல் வெளியிட்ட 100 சிறந்த எபிசோடுகளின் பட்டியலில் 'தி கான்டெஸ்ட்' முதலிடம். அதை 'உலகின் சிறந்த எபிசோடு' என்று ஆக்கிவிட ஒரு ரசிகருக்கு அரை நொடி போதும்.

பார்வையாளர் எண்ணிக்கையில்தான் அதிகக் குழப்பம். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனத்தின் பழைய பார்வையாளர் கணக்கு சாய்கோட்டின் இரு பக்கமும் இரண்டு எண்ணைக் காட்டும். 12/20 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் எண், டிவி உள்ள மொத்த வீடுகளில் 12 சதவீதம் பார்த்தது என்று அர்த்தம். இரண்டாவது, அந்த நேரத்தில் டிவி போட்டிருந்த வீடுகளில் 20 சதவீதம். இரண்டுமே மில்லியன் கணக்கு அல்ல. '12 மில்லியன் பேர் பார்த்தார்கள்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, கட்டுரையில் எண்ணைப் பார்த்ததும் மூலத்தைத் திறந்து அது வீடா, ஆளா, சதவீதமா என்று பாருங்கள். சமீபத்திய தொடர் என்றால் அன்றே பார்த்தவர்கள், பதிவுசெய்து ஏழு நாளுக்குள் பார்த்தவர்கள் என்று இரண்டு கணக்கு வரும், ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

சான்று எங்கே கிடைக்கும்

திரைப்பட, டிவி தகவல் தளமான ஐஎம்டிபியில் யார் வேண்டுமானாலும் தகவல் சேர்க்கலாம் என்பதால் அது செல்லாது. ரசிகர் விக்கிகளும் அப்படியே. ஆனால் இரண்டையுமே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்: அங்கே ஒரு சுவையான தகவல் இருந்தால் அதன் மூலம் எங்கே என்று தேடிப் போங்கள். ஏ.வி. கிளப், வல்ச்சர், என்டர்டெய்ன்மென்ட் வீக்லி போன்ற தளங்களில் எபிசோடு எபிசோடாக எழுதிய விமர்சனங்கள் கிடைக்கும். 1990களின் செய்தித்தாள்கள் இணையத்தில் சும்மா கிடைப்பது கஷ்டம். உங்கள் கணக்கு ஆறு மாதம் பழையதாகி, 500 தொகுப்புகளை (திருத்தங்களை)த் தாண்டி, கடைசி ஒரு மாதத்தில் பத்துத் தொகுப்பாவது செய்து, தடை எதுவும் இல்லாமல் இருந்தால் விக்கிப்பீடியா நூலகம் திறந்துவிடும். கட்டணம் கேட்கும் பழைய செய்தித்தாள் தொகுப்புகளும் ஆய்விதழ்களும் அதில் இலவசம். பலருக்கு இது இருப்பதே தெரியாது, கணக்கில் உள்நுழைந்தபடியே போய்ப் பாருங்கள்.

விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதிய கட்டுரையையே விக்கிப்பீடியாவுக்குச் சான்றாகக் காட்டுவதும் நடக்கிறது. '15 சுவாரசியத் தகவல்கள்' வகைப் பக்கம் என்றால் அதன் தேதியையும், அந்தத் தகவல் நம் கட்டுரையில் எப்போது நுழைந்தது என்பதையும் வரலாற்றில் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கட்டுரையில் இருப்பது மூத்தது என்றால் அந்தச் சான்று செத்தது. கிடைத்த இணைப்பை எல்லாம் இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிட்டு அந்த முகவரியையும் சேருங்கள், பொழுதுபோக்குத் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்படும்.

இனி ரிவ்யூ

'நல்ல கட்டுரை' என்ற விக்கிப்பீடியாவின் தரத் தகுதிக்கு ஒருவர் பரிந்துரைத்த எபிசோடு கட்டுரையை நீங்கள் ரிவ்யூ செய்யப் போகிறீர்கள். நீங்கள் அந்தக் கட்டுரையில் பெரிதாகப் பங்களித்திருக்கக் கூடாது, அது முதல் நிபந்தனை. ஆறு விஷயம் பார்க்க வேண்டும்: நன்றாக எழுதியிருக்கிறதா, சரிபார்க்க முடிகிறதா, முக்கியமான பக்கங்களைத் தொட்டிருக்கிறதா, நடுநிலையா, தொகுப்புப் போர் (மாறி மாறி ரிவர்ட் செய்வது) இல்லாமல் நிலையாக இருக்கிறதா, படங்களின் உரிமம் சரியா. திறந்தவுடனே பாதிப் பத்திகளுக்குச் சான்று இல்லை, அல்லது வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறது என்றால், உடனே தோற்கடித்துவிடலாம். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, காரணத்தைத் தெளிவாக எழுதினால் அவர் சரிசெய்துவிட்டு மறுபடி வருவார்.

மற்றபடி, என் வரிசை தலைகீழ். பலர் முதல் வரியிலிருந்து காற்புள்ளி பார்க்க ஆரம்பிப்பார்கள், நான் அடிக்குறிப்பிலிருந்து ஆரம்பிப்பேன். சான்று தேறாவிட்டால் காற்புள்ளி திருத்தி என்ன பயன்? ஏழெட்டு அடிக்குறிப்பை அங்கொன்று இங்கொன்றாக எடுத்து ஒவ்வொன்றையும் திறந்து மூன்று கேள்வி கேளுங்கள். கட்டுரை சொல்வது மூலத்தில் இருக்கிறதா? மூலம் சொன்னதைவிட ஒரு படி கூட்டிச் சொல்லியிருக்கிறதா? மூலத்தின் வாக்கியத்தையே ஒன்றிரண்டு சொல் மாற்றி வைத்திருக்கிறதா? இரண்டாவதுதான் அதிகம் மாட்டும். மூலம் 'சேனலில் சிலருக்குத் தயக்கம் இருந்தது' என்று சொல்லும், கட்டுரையில் 'சேனல் இந்த எபிசோடைத் தடைசெய்யப் பார்த்தது' என்று இருக்கும். மூன்றாவதற்கு, கட்டுரையை இணையப் பக்கங்களோடு ஒப்பிட்டுக் காட்டும் இயர்விக் காப்புரிமைக் கருவி உதவும், ஆனால் அது மேற்கோள்களையும் தலைப்புகளையும்கூட சேர்த்துச் சிவப்பில் காட்டும், சதவீதத்தைப் பார்த்துப் பயப்படாமல் என்ன பொருந்துகிறது என்று படியுங்கள்.

இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து வைக்கிறார்கள். அடிக்குறிப்பில் பத்திரிகையின் பெயர் நிஜமாக இருக்கும், தலைப்பும் தேதியும் நம்பும்படி இருக்கும், அப்படி ஒரு கட்டுரையே வந்திருக்காது. இணைப்பு இல்லாத பழைய பத்திரிகைச் சான்றுகளில் ஒன்றிரண்டையாவது நூலகத் தொகுப்பில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் எழுதியவரிடம் அந்தப் பக்கத்தின் படத்தையோ, சம்பந்தப்பட்ட வரியையோ கேளுங்கள். உண்மையாகப் படித்து எழுதியவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கருத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் ரிவ்யூவின் தரம் இருக்கிறது. 'தயாரிப்புப் பகுதி பலவீனம், மேம்படுத்தவும்' என்று எழுதினால் எதிரில் இருப்பவர் என்ன செய்வார்? இப்படி எழுதுங்கள்: 'தயாரிப்பு, இரண்டாம் பத்தி: கிரேமர் இல்லாததற்குக் காரணம் சொல்லும் வரிக்குச் சான்று பத்தியின் கடைசியில் இருக்கும் பேட்டி என்று நினைத்துத் திறந்தேன், அதில் இந்த விஷயம் இல்லை. டிவிடி வர்ணனையிலிருந்து எடுத்திருந்தால் அந்தச் சான்றை வரியின் பக்கத்திலேயே வைக்க முடியுமா? அப்படியே சொன்னது யார் என்றும் சேர்த்துவிடுங்கள்.' இடம், பிரச்சினை, வழி மூன்றும் அதில் இருக்கிறது. எழுத்துப்பிழை, தவறிய இணைப்பு மாதிரிச் சில்லறை விஷயங்களை நீங்களே திருத்திவிடுங்கள், அதற்குப் போய்ப் பட்டியல் போடுவது இருவருக்கும் நேர விரயம்.

கேட்கக் கூடாததையும் கேட்டுவிடாதீர்கள். 'நல்ல கட்டுரை'க்கு முக்கியமான அம்சங்கள் இருந்தால் போதும், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பது அதற்கு மேல் இருக்கும் 'சிறப்புக் கட்டுரை'த் தகுதிக்கான அளவுகோல். நடைக் கையேட்டிலும் முன்னுரை, பக்க அமைப்பு, தவிர்க்க வேண்டிய சொற்கள், புனைவு, பட்டியல் என்று ஐந்து பகுதிகளைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறது. அடிக்குறிப்பு வார்ப்புருக்கள் எல்லாம் ஒரே வடிவில் இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை இல்லை என்பதெல்லாம் ஆலோசனையாகச் சொல்லலாம், அதற்காகத் தேர்ச்சியை நிறுத்தக் கூடாது. தயாரிப்புப் பின்னணி ஒரே பத்திதான் இருக்கிறது, ஆனால் தேடிப் பார்த்தால் வேறு எங்கும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஒரு பத்தி போதும். இல்லாத மூலத்தை எழுதியவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

முன்னுரையைக் கடைசியாகப் படியுங்கள், அப்போதுதான் கட்டுரையின் மற்றப் பகுதிகளில் இல்லாத விஷயம் அங்கே மட்டும் இருந்தால் கண்ணில் படும். திருத்தங்கள் தேவை என்றால் ஏழு நாள் அவகாசம் கொடுப்பது வழக்கம், ஆள் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாம். ஏதாவது ஓர் இடத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் இரண்டாவது கருத்து கேட்கும் வசதி இருக்கிறது, பிடிவாதம் பிடிக்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் எழுதியவராக இருந்தால்? ஒவ்வொரு கருத்துக்கும் கீழே செய்தேன், அல்லது இந்தக் காரணத்தால் செய்யவில்லை என்று பதில் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் மட்டும் வேண்டும்.

தேறிய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கொண்டுவர நினைத்தால், எந்தக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் இணைப்போடு எழுதுவது கட்டாயம், உரிமம் அப்படி. கதைச் சுருக்கத்தை அங்கே இன்னும் குறைக்கலாம். நம்மில் பலர் பார்த்திராத தொடர் என்பதால் ஜெர்ரி யார், எலைன் யார் என்று ஒரு வரி கூடுதலாக வேண்டியிருக்கும்.

தேர்ச்சி பெற்ற நாளின் பதிப்புக்கு வரலாற்றிலிருந்து நிலையான இணைப்பு ஒன்றை எடுத்துப் பேச்சுப் பக்கத்தில் போட்டு வைத்துவிட்டு, கட்டுரையை, மாற்றங்களைக் காட்டும் உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங்கில் தொடர் புதிதாக வரும் போதெல்லாம் கதைச் சுருக்கம் மறுபடி பருக்க ஆரம்பிக்கும், ஆளுக்கு ஒரு வசனம், ஆளுக்கு ஒரு துணுக்கு. அவ்வப்போது அந்தப் பழைய பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, சான்றோடு வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் '400 சொல் வரம்பு' என்று எழுதினால் பெரும்பாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.